பின்கதவோரத்து மேசை

மகள் கைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டியபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் செதில்.

"அம்மா, இதை ஒருக்கால் பாருங்கோ. இஸ் திஸ் யூ?"

ரொறன்ரோ நடுநகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அன்று வேலை முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் சிலரோடு ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஆபிரிக்காவில் பிறந்தவர்கள், ஆபிரிக்காவை வேராகக் கொண்டு கனடாவிலும் இங்கிலாந்திலும் கரீபியத் தீவுகளிலும் பிறந்தவர்கள் என்று இருபது பேருக்கு மேல் வரைந்த படங்களாம். அவற்றில் ஒன்றுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதைத்தான் கைபேசியில் எடுத்து வந்திருந்தாள்.

படத்தில் ஒரு மேசை. இரண்டு பெண்கள் அருகருகே இருந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தி தலையில் மஞ்சள் துணி கட்டி, வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். மற்றவள் மண்ணிறக் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாள். அந்தச் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் மண்ணிறம், மேலிருந்து மூன்றாவது மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்புப் பொத்தானைத் தைத்தவள் நான்.

"ஓம்," என்றேன். "இது நான்தான்."

"பட் அம்மா, முகமே இல்லையே."

உண்மைதான். மண்ணிறச் சட்டைக்காரிக்குத் தலைமயிர் இருந்தது, காது இருந்தது, காதில் சின்னத் தோடு இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நிறம் பூசாத வெறும் கன்வஸ் துணி.

வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் கணவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "உந்த ஊரிலை ஆயிரம் பேரிட்டை மண்ணிறச் சட்டை இருந்திருக்கும். விடும்."

"கறுப்புத் தெறியோடை ஆயிரம் பேரிட்டை இராது," என்றேன். "அதோடை, பக்கத்திலை இருக்கிறவவை எனக்குத் தெரியும். அவ பக்ரறியிலை என்ரை பக்கத்துத் தையல் மெசின்."

மகள் விரலால் படத்தைப் பெருப்பித்து, சுவரில் ஒட்டியிருந்த விவர அட்டையை வாசித்தாள். ஓவியர் கானாவில் பிறந்து, ஐந்து வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவர். ஓவியத்தின் தலைப்பு: 'மதிய இடைவேளை: என் அம்மாவும் இன்னொரு பெண்ணும்'.

இன்னொரு பெண்ணா? கையைக் கழுவினேன்.

"வியாழக்கிழமை போறன்," என்றேன்.

*

அந்த நாளில் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் எடுத்தால் அந்தத் தொழிற்சாலை. கார் சீற்றுகளுக்கு உறை தைக்கும் இடம். ஒன்பது வருடங்கள் அங்கே தைத்தேன். விபத்து நேர்ந்தால் சீற்றின் பக்கவாட்டுத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் காற்றுப்பை வெளியே வரவேண்டும். அதற்குத் தனி நூல், தனி இடைவெளி. கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துவிட்டால் பை வெளியே வராது, ஆள் செத்துப்போகும். அந்தத் தையலை எல்லாரிடமும் கொடுக்கமாட்டார்கள். எனக்கும் எனக்கு வலப்பக்கம் இருந்த கானாக்காரிக்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு வேலைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். துணி உருளைகள் வந்து இறங்கியதும், முன்பு வந்த கறுப்பும் இப்போது வந்த கறுப்பும் ஒன்றுதானா என்று பார்க்க என் கண் தேவைப்பட்டது. அவர்களுக்கு இரண்டும் கறுப்பு. எனக்கு ஒன்று நீலத்தில் சாய்ந்த கறுப்பு, மற்றது சிவப்பில் சாய்ந்த கறுப்பு. ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

கானாக்காரியோடு முதல் வருடம் நான் சரியாகப் பேசவில்லை. இதை ஒளிக்காமல் எழுதவேண்டும். எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரைச் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது. நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். யாரும் எனக்கு எந்தக் கெடுதியும் செய்யவில்லை. வந்த புதிதில், முன்னே வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் பயந்திருந்தேன், அவ்வளவுதான். எங்கள் இரண்டு மெசின்களுக்கும் நடுவில் என் கைப்பையை வைப்பேன். வேறு இடம் இருந்தும் அங்கேதான் வைப்பேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு முறைப்பாடு. லஞ்ச் றூமில் சாப்பாடு மணக்கிறது என்று யாரோ சுப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்கள். என் கருவாட்டுக் குழம்பும் அவளுடைய மீனும்தான் குற்றவாளிகள். சுப்பர்வைசர் கெட்ட மனிதரல்ல, வாக்குவாதம் பிடிக்காத மனிதர். பின்கதவோரத்தில், சாமான் ஏற்றி இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கால் கட்டையாய் ஆடுகிற பழைய மேசையைப் போட்டு, "நீங்கள் இரண்டு பேரும் இனி இங்கே," என்றார்.

அவர் போனதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். தன் பாத்திரத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். சோளமாவைப் புளிக்கவைத்து, சோளப்பொத்தி மடலில் சுற்றி அவித்த உருண்டை. பொரித்த மீன். காய்ந்த றாலும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் கறுக்கக் கறுக்க வறுத்த சம்பல் ஒன்று. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்த எனக்கு அந்தச் சம்பலை யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து கைப்பையைக் கீழே, காலடியில் வைத்தேன்.

எட்டு வருடங்கள் அந்த மேசையில் சாப்பிட்டோம். குளிர்காலத்தில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பனிக்காற்று உள்ளே வரும். அதற்காகத்தான் அந்த மண்ணிறச் சட்டை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அவள் என்னை 'சிஸ்ரர்' என்பாள், நானும் அவளை 'சிஸ்ரர்' என்பேன். பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டு வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைசி வெள்ளிக்கிழமை கட்டிப்பிடித்தோம். அவளுடைய தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். நாங்கள் பிக்கரிங்கில் வீடு வாங்கிக் குடிபோன சந்தடியில் அந்தத் துண்டு எங்கோ போய்விட்டது.

*

வியாழக்கிழமை காலை ரெயினில் நகரத்துக்குப் போனேன். கணவர் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றதும், "சரி, பாத்தாச்சு" என்பார்.

என் வாழ்க்கையில் ஓவியக்கூடம் ஒன்றுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஆனால் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. பெரிய வெள்ளைச் சுவர்கள், நல்ல வெளிச்சம், சத்தமில்லாமல் நடக்கும் ஆட்கள். கோயில் மாதிரித்தான், செருப்புக் கழற்றத் தேவையில்லை.

நேரே என் படத்துக்குப் போகவில்லை. மற்றவர்கள் வரைந்ததையும் பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று நினைத்தேன். லாகோஸில் பிறந்த ஒருவர் ஒரு சுவர் நிறைய முடிவெட்டும் கடையை வரைந்திருந்தார். கதிரையில் இருந்தவர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாரா, நம்மைப் பார்க்கிறாரா என்று சொல்லமுடியவில்லை. நைரோபிக்காரர் ஒருவர் சந்தைக்குப் போகும் வாகனத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்களை வரைந்திருந்தார். யமேக்காப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த ஒரு பெண் வரைந்தது பஸ் தரிப்பிடம் ஒன்று. முழங்கால் அளவு பனியில் நான்கு பேர் நிற்கிறார்கள். பின்னால் தெரிந்த அடுக்குமாடியைப் பார்த்ததும் அது ஸ்காபரோ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தரிப்பிடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ஒரு கிழவர் பூப்போட்ட துணி விரித்த சாய்வுக் கதிரையில் தூங்கும் படம் ஒன்று இருந்தது. அதன் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய தோலில் கறுப்பு நிறமே இல்லை. ஊதா, கரும்பச்சை, செங்கல் நிறம், நெற்றியில் மெல்லிய நீலம். தள்ளி நின்று பார்த்தால் நல்ல கறுத்த மனிதர். கிட்டப் போனால் ஒரு துளி கறுப்பு இல்லை. வரைந்தவருக்கு என்னுடைய கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்," என்று காவலுக்கு நின்ற பெண் சொன்னாள். தலையை மறைத்துத் துணி கட்டியிருந்தாள். முகத்தைப் பார்த்துச் சோமாலியாக்காரியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த அறையில் எங்கள் மேசை இருந்தது.

கைபேசியில் கையளவாய்ப் பார்த்தது, அங்கே என்னைவிட உயரமாக நின்றது. சிஸ்ரருடைய முன்பல் இடைவெளிகூட இருந்தது. கையில் அந்தச் சோள உருண்டை. என் மண்ணிறச் சட்டையின் தோளில் சாம்பல் நிறத்தில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. நாள் முழுவதும் தைப்பவர்களின் உடம்பில் எப்போதும் ஒரு நூல் ஒட்டியிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள்தான் எடுத்துவிடுவார்கள். அதைக் கவனித்து வரைந்தவருக்கு என் முகம் மட்டும் முக்கியமில்லாமல் போயிற்றா? பக்கத்தில் நின்ற ஒரு சோடி, அந்த வெற்றிடம் எதைக் குறிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர்களைக் குறிப்பதாக அவன் சொன்னான். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைக் குறிப்பதாக அவள் சொன்னாள்.

"யாராகவும் இருக்க ஏலாது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அது நான்."

இருவரும் என்னை ஒருமுறை பார்த்துப் புன்னகைத்துவிட்டு நகர்ந்துபோனார்கள். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. காவல் பெண்ணிடம் போய் அதையே சொன்னேன். அவள் புன்னகைக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். தோடு அதே தோடுதான், என் கலியாணத்துக்கு அம்மா போட்டது. "இங்கேயே நில்லுங்கள்," என்று சொல்லிவிட்டுத் தன் வானொலிக் கருவியில் யாரையோ கூப்பிட்டாள்.

வந்தவர் கண்காட்சிப் பொறுப்பாளர், உயரமான பெண். மிகவும் பணிவாகப் பேசினார். நான் சொல்வதை நம்பாமல் இல்லை என்றும், ஆனால் ஏதாவது அடையாளம் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

"படத்தில் உள்ளதைச் சொன்னால், பார்த்துச் சொல்வதாக நினைப்பீர்கள்," என்றேன். "இல்லாததைச் சொல்கிறேன். சிஸ்ரருக்குப் பின்னால் சுவரில் சிவப்புத் தீயணைப்பான் ஒன்று இருந்தது. மேசையின் ஒரு கால் கட்டை. மட்டையை மடித்து அதற்குக் கீழே வைத்திருந்தோம். ஓவியர் இரண்டையும் விட்டுவிட்டார்."

அவர் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கணினியில் ஏதோ தேடித் திறந்தார். ஓவியர், தான் பார்த்து வரைந்த பழைய புகைப்படம் ஒன்றை முன்பே அவருக்கு அனுப்பியிருந்தாராம். டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு முதல்நாள், ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் கமெராவில் யாரோ எடுத்தது. அதில் தீயணைப்பான் இருந்தது. மேசைக் காலடியில் மட்டை இருந்தது. நானும் இருந்தேன். பின்கதவுப் பக்கம் சட்டென்று திரும்பியிருக்கிறேன், முகம் முழுவதும் புகை மாதிரிக் கலைந்துபோயிருந்தது, காதும் தோடும் மட்டும் ஓரளவு தெரிந்தன.

பொறுப்பாளர் கதிரையில் சாய்ந்தார். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஓவியருக்குக் கொடுக்க என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

*

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. எடுத்து ஹலோ சொல்ல முன்னமே அந்தப் பக்கத்திலிருந்து, "சிஸ்ரர்! எங்கே போய்த் தொலைந்தாய்?" என்று ஒரு சத்தம். "சிஸ்ரர்!" என்று நானும் கத்தினேன்.

அவள் இருந்தது அஜக்ஸில். பிக்கரிங்கிலிருந்து காரில் கால் மணி நேரம். இத்தனை வருடமும் ஒரே கடையில்கூட நாங்கள் மீன் வாங்கியிருக்கலாம்.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் கணவர் என்னைக் கொண்டுபோனார். கதவைத் திறந்தது ஓவியர். நாற்பதை நெருங்கும் வயது, அளந்து பேசும் பெண். உள்ளே சிஸ்ரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் மாற்றியிருந்தார்கள். கட்டிப்பிடித்து இருவரும் அழுதோம். அழுது முடிந்ததும் அவள் என்னைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "கொழுத்துப் போனாய்," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்த பிறகு அவள் என் கணவரைப் பார்த்துச் சொன்னாள், "உங்கள் மனைவி முதல் வருடம் தன் பையை எங்களுக்கு நடுவில் வைப்பாள். சுவர் மாதிரி."

கணவர் என்னைப் பார்த்தார். இதை அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஓம், வைத்தேன்," என்றேன். "பிழை. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று," என்றாள். "நானும் உன்னைத் திமிர் பிடித்தவள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மீனைக் கண்ட பிறகுதான் மனுஷி ஆனாய்."

முகத்தைப் பற்றி நான் கேட்க முதலே ஓவியர் சொன்னார். புகைப்படத்தில் என் முகம் கலைந்திருந்தபடியால், வேறு யாரையாவது பார்த்து வரையலாம், ஏதோ ஒரு இந்தியப் பெண்ணின் முகத்தை வைக்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். தாய் விடவில்லை.

"அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று சொன்னேன்," சிஸ்ரர் குறுக்கே வந்தாள். "உனக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடு. வேறு ஒருத்தியின் முகத்தை அவள் கழுத்தில் கொண்டுபோய் வைக்காதே என்று சொன்னேன். நான் சொன்னது சரியா?"

நான் அவமானம் என்று நினைத்து ரெயினில் பொருமிக்கொண்டு வந்தது, இவள் எனக்காகப் பிடித்த சண்டை. "சரி," என்றேன். "நூறு தரம் சரி."

"தேடினேன்," என்றார் ஓவியர். "அம்மா சொன்ன பெயரை வைத்துக் கணினியில் தேடினேன். அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை."

எப்படிக் கிடைக்கும்? அது சுப்பர்வைசர் வைத்த பெயர். முதல் நாள் என் பெயரை வாசிக்க முயன்று, பாதியில் கைவிட்டு, தனக்கு வாயில் வந்ததை வைத்துக் கூப்பிட்டார். திருத்துவதற்கு எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பிறகு அதுவே நின்றுவிட்டது. என் பெயரைச் சொன்னேன். சிஸ்ரர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் சரியாக வந்தது. அவளுடைய பெயராக எனக்குத் தெரிந்திருந்ததும் அவளுடைய பெயர் அல்ல. அது வேலைக்காகக் கொடுத்த ஆங்கிலப் பெயர். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை எந்தக் கிழமை பிறக்கிறதோ அதை வைத்து ஒரு பெயர் உண்டு, வீட்டில் அதைத்தான் கூப்பிடுவார்கள். அன்றுதான் அதைச் சொன்னாள். ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து தைத்திருக்கிறோம்.

கணவர் மெல்ல என் காதில், "உங்களுக்கு இவ்வளவு நாளும் என்ன பேசக் கிடைச்சது?" என்றார்.

"எல்லாம் பேசினனாங்கள்," என்றேன். "பேரைத்தான் பேசேல்லை."

ஓவியர் ஒரு யோசனை சொன்னார். அந்தப் படத்தை ஒருவர் வாங்கிவிட்டார், கண்காட்சிக்கு இரவலாகத்தான் கொடுத்திருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கி, கண்காட்சி முடிந்தபின் என் முகத்தை வரைந்து நிரப்பலாம். விருப்பமா?

நான் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "தொடவேண்டாம். உங்கள் அம்மா சொல்லி வெறுமையாய் விட்ட இடம் அது, அப்படியே இருக்கட்டும். அட்டையை மாற்றுங்கள். இன்னொரு பெண் என்று இருக்கக்கூடாது. என் பெயர் இருக்கவேண்டும். தமிழிலும் இருக்கவேண்டும்."

பொறுப்பாளர் சம்மதித்தார். என் பெயரைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் புது அட்டை வந்தது. மகள் போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினாள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, எழுத்தின் தலையில் இருக்கவேண்டிய குற்று, அந்தப் புள்ளி, காற்றில் மிதந்தது. பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு, வித்தியாசம் பலருக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்றேன். மகள் கணினியில் சரியான எழுத்தில் அடித்து அனுப்பினாள். அடுத்த அட்டை பிழையில்லாமல் வந்தது.

*

அதன்பிறகு எங்கள் தேவாலயத்து மூத்தோர் குழுவிலிருந்து பதினான்கு பேரை ரெயினில் கூட்டிக்கொண்டு போனேன். வழமையாக அவர்கள் போவது நயாகராவுக்கு, அல்லது அப்பிள் தோட்டத்துக்கு. முடிவெட்டும் கடைப் படத்துக்கு முன்னால் பாட்டுக் குழுவில் பாடும் அன்ரி ஒருவர் நின்று, பலருக்கும் கேட்கும்படி, "உந்த இவையின்ரை படத்தைப் பாக்கவோ எங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனீர்?" என்றார். 'இவை' என்பதற்குப் பதிலாக அவர் சொன்னது அந்தச் சொல். நான் இங்கே அதை எழுதப்போவதில்லை.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அன்ரி, உந்தச் சொல்லை இனி எனக்கு முன்னாலை சொல்லாதேங்கோ," என்றேன். "நானும் முந்திச் சொன்னனான். சொன்னது பிழை. அடுத்த அறையிலை நான் இருக்கிறன், என்னோடை இருக்கிறவ என்ரை சிநேகிதி. வந்து பாருங்கோ, இல்லையெண்டால் வெளியிலை கதிரை இருக்கு, இருங்கோ."

அன்ரி வெளியே போய் இருந்தார். மற்றப் பதின்மூன்று பேரும் வந்தார்கள். பஸ் தரிப்பிடப் படத்துக்கு முன்னால் ஒரு அங்கிள் நீண்ட நேரம் நின்றார். வந்த முதல் குளிர்காலத்தில் அந்த இடத்தில் வழுக்கி விழுந்து கை முறித்தவராம். திரும்பும்போது அன்ரி ரெயினில் வேறு பெட்டியில் ஏறினார். மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னோடு கதைக்காமலே போனார். நான்காவது ஞாயிறு வந்து, பேரப்பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் நாளுக்குச் சட்டை தைக்க நல்ல ஆள் தெரியுமா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சி முடிந்த மாதத்தில் ஓவியர் என்னைத் தன் வேலையிடத்துக்குக் கூப்பிட்டார். புதிதாக ஒரு படம், நாங்கள் இருவரும், இப்போதுள்ள எங்கள் முகங்களோடு. மூன்று சனிக்கிழமை பின்னேரம் சிஸ்ரரும் நானும் ஜன்னல் ஓரம் இரண்டு கதிரையில் இருந்தோம். பேசலாம், எழும்பக்கூடாது. அவளுக்கு அது கஷ்டம், எனக்கு இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை ஓவியர் என் கன்னத்துக்கு நிறம் கலந்துகொண்டிருந்தார். தட்டைப் பார்த்தேன். நல்ல மண்ணிறம், அதில் கொஞ்சம் மஞ்சள்.

"அது ஆருடைய கன்னம்?" என்று கேட்டேன்.

"உங்களுடையது."

"இல்லை."

பிறகு அவருக்கு ஒரு கதை சொன்னேன். எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்தார்கள். ஸ்ரூடியோக்காரர் யாரும் கேட்காமலே என் முகத்தைத் தூரிகையால் வெள்ளையாக்கிவிட்டார். பொம்பிளை பார்க்க வந்த மாமியார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இதிலை இருக்கிற பிள்ளை எங்கை?" என்று கேட்டார். வீட்டார் வெட்கப்பட்டார்கள். கூட வந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அதனால்தான் அவருக்குச் சம்மதம் சொன்னேன்.

சிஸ்ரர் சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. ஓவியர் தட்டை வழித்துத் துடைத்தார். ஊதாவும் கரும்பச்சையும் செங்கல் நிறமும் எடுத்தார். நான் கதிரையில் இருந்தபடி, இன்னும் கொஞ்சம் நீலம், இப்போது சிவப்பு, போதும், என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சில இடங்களில் நான் சொன்னபடி செய்தார். சில இடங்களில் தலையை ஆட்டிவிட்டுத் தன் எண்ணப்படி செய்தார். அவற்றில் பாதியில் அவர் சொன்னதுதான் சரி.

கடைசிச் சனிக்கிழமை படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். சிஸ்ரர் கையை மடியில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி இருந்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு நல்ல கறுத்த முகம், நாடிக்குக் கீழே தொங்கும் சதை, ஒரு புருவம் மற்றதைவிட உயரம். எதையும் குறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை.

"யாரையோ ஏசப்போகிறவள் மாதிரி இருக்கிறாய்," என்றாள் சிஸ்ரர்.

"அப்படித்தான் இருக்கிறனான்," என்றேன்.

அடுத்த மாதம் அந்தப் படம் மொன்றியலில் ஒரு கூடத்துக்குப் போகிறது. திறப்பு விழாவுக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. மகள் வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள், அவள்தான் கார் ஓட்டுகிறாள். கணவர் முதலில் வரவில்லை என்றார். நேற்று, அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சேலை உடுப்பது என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. சிஸ்ரர் தன் உடுப்பை முடிவுசெய்து, ஏற்கெனவே தைக்கக் கொடுத்துவிட்டாள்.